இடது கையில் கடிவாளம்: பென் ஜான்சனின் திரைவாழ்வு

ஒரு நடிகருக்குக் குதிரை ஏறத் தெரியுமா என்று பார்க்க அவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. குதிரை நாலு கால் பாய்ச்சலில் போகும்போது சேணத்துக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். முழங்கைகள் கோழி இறக்கை மாதிரி அடித்துக்கொள்கின்றனவா? குதிரை வாயைப் பிளந்து தலையை மேலே எறிகிறதா? அப்படியென்றால் விழுந்துவிடாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறார் என்று பொருள். அந்த வலி முழுவதும் குதிரையின் வாய்க்குப் போகிறது.

1949இல் வந்த ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’ படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் சார்ஜென்ட் டைரீயாக வரும் அமெரிக்க நடிகர் பென் ஜான்சன் தனியாகத் தெரிவார். மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் செம்மண்ணில் அவர் குதிரை பறக்கிறது. மேலே இருக்கும் மனிதர் கிட்டத்தட்ட அசைவதில்லை. குதிகால் கீழே இறங்கியிருக்கிறது, எடை அங்கவடியில் நிற்கிறது, குலுக்கலையெல்லாம் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்கின்றன. கடிவாளம் இடது கையில், தளர்வாக. வலது கை சும்மா இருக்கிறது.

அந்தச் சும்மா இருக்கும் வலது கையில்தான் பென் ஜான்சனின் வரலாறு இருக்கிறது. மாட்டுப் பண்ணையில் வேலை செய்பவருக்கு வலது கை சுருக்குக் கயிற்றுக்கு உரியது. அதனால் குதிரையை இடது கை ஒன்றாலேயே நடத்தியாக வேண்டும். இடது பக்கம் திரும்ப, கடிவாள வாரை வலது கழுத்தில் உரசவிட்டால் போதும்; பழகிய குதிரை தானே ஒதுங்கிவிடும். இழுப்பே இல்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறவர் சவாரிப் பள்ளியில் கற்றவராக இருக்கலாம், படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் கற்றவராகவும் இருக்கலாம். மாடு பிடித்தவர் அப்படிப் பிடிக்க மாட்டார்.

ஜான்சன் 1918 ஜூன் 13 அன்று ஒக்லஹோமா மாநிலத்தின் ஓசேஜ் பகுதியில், ஃபோரேக்கர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையின் பெயரும் பென் ஜான்சன்தான். காளைகளைக் கயிறு வீசி வீழ்த்தும் போட்டியில் பெயர் பெற்ற வீரர் அவர். சாப்மன்-பர்னார்ட் என்ற பெரும் பண்ணையின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். மகன் அதே பண்ணையில் நாளுக்கு ஒரு டாலர் கூலிக்கு மாடு மேய்த்தார். ‘தி அவுட்லா’ படத்துக்காகத் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் குதிரைகளை வாங்கியபோது அவற்றைப் படப்பிடிப்பு இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலை ஜான்சனுக்குக் கிடைத்தது. அது 1940. வாரத்துக்கு 175 டாலர் என்று பேச்சு. ஏழு நாளும் உழைத்து 7 டாலர் பார்த்தவருக்கு 175. முதல் காசோலை 300 டாலருக்கு வந்ததாகவும், அதற்குப் பிறகு தடியால் அடித்து விரட்டியிருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருக்க மாட்டேன் என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நடிக்க வேண்டும் என்ற ஆசையோடு அவர் ஹாலிவுட்டில் இறங்கவில்லை. குதிரைப் பராமரிப்பாளராக இறங்கினார். இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அக்காலத்தில் ஸ்டுடியோக்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விட்ட லாயங்களில் முதன்மையானது, வடக்கு ஹாலிவுட்டில் ‘ஃபேட்’ ஜோன்ஸ் என்பவர் நடத்தியது. ஜான்சன் 1941இல் மணந்த கரோல் அவருடைய மகள். லாயத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரே வேலை இல்லை. நாயகனுக்குத் தரும் குதிரை பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. விளக்குகளும் தலைக்கு மேல் தொங்கும் ஒலிவாங்கியும் சுற்றிலும் ஐம்பது பேரும் இருக்க, நாயகன் பேசி முடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அது காதை ஆட்டினால்கூடப் பார்வையாளரின் கண் அங்கே போய்விடும். வண்டி இழுக்கும் குதிரைகள் வேறு, முன்னங்கால் தூக்கி நிற்கப் பழக்கியவை வேறு, விழப் பழக்கியவை வேறு. ஒரே நிறத்தில், நெற்றியில் ஒரே வெள்ளையோடு ஜோடி தேடிவைப்பதும் உண்டு. நடிகருக்கு டூப் இருப்பதுபோல் குதிரைக்கும் டூப் வேண்டும்.

அவர் இந்தத் தொழிலுக்குள் வந்த காலம் முக்கியமானது. 1930களில் குதிரையை விழச் செய்யக் கம்பி கட்டுவார்கள். முன்னங்கால்களில் பட்டை போட்டு, அதில் கட்டிய கம்பியை வயிற்றுவாரின் கீழுள்ள வளையம் வழியாகக் கொண்டுபோய், மறுமுனையைத் தரையில் புதைத்த கட்டையோடு பிணைப்பார்கள். முழு வேகத்தில் ஓடும் குதிரைக்குக் கம்பியின் நீளம் தீர்ந்த கணத்தில் முன்னங்கால் இரண்டும் பிடுங்கப்பட்டதுபோல் மடங்கும். குட்டிக்கரணம். பல குதிரைகள் கழுத்து ஒடிந்து செத்தன, பல கால் முறிந்து சுடப்பட்டன. 1939இல் வந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக ஒரு குதிரையைப் பாறை விளிம்பிலிருந்து நீரில் விழச் செய்து அது இறந்தபோது எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. 1940இல் விலங்கு நல அமைப்பான அமெரிக்க ஹியூமேன் சங்கம் ஹாலிவுட்டில் கண்காணிப்பு அலுவலகம் திறந்தது.

அதன் பிறகு பழக்கிய குதிரைதான் ஒரே வழி என்றாயிற்று. முதலில் நின்ற இடத்திலேயே, மென்மையான மண்ணில், கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தலையைத் திருப்பிப் படுக்கப் பழக்குவார்கள். பிறகு நடையில், பிறகு மெல்லோட்டத்தில், கடைசியில் பாய்ச்சலில். விழும் இடத்தை முன்கூட்டியே வெட்டிக் கல் பொறுக்கி மணலோ இளக்கிய மண்ணோ நிரப்ப வேண்டும். அது தரையோடு தரையாகக் கேமராவுக்குத் தெரியாமல் இருக்கவும் வேண்டும். ஓட்டுபவர் ஒரு பக்கம் திறந்த அங்கவடியை விரும்புவார். மூடிய அங்கவடியில் பாதம் சிக்கினால் எழுந்து ஓடும் குதிரை ஆளை இழுத்துக்கொண்டு போகும். சமிக்ஞை அரை நொடி தாமதித்தால் குதிரை மெத்தை மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரையில் விழும். ஒருமுறை அடிபட்ட குதிரை அடுத்த முறை நம்பி விழாது.

ஜான்சன் கற்ற பள்ளி இதுதான். நாயக நடிகர்களான ஜான் வெய்னுக்கும் ஜோயல் மெக்ரேக்கும் டூப் போட்டார். வெஸ்டர்ன் படங்களில் சவாரிக் காட்சி அப்போது எடுக்கப்பட்ட முறை நமக்குப் பழக்கமானதே. தூரத்தில் டூப் பாய்ந்து போவார். அருகில் காட்ட வேண்டியபோது நாயகனை ஸ்டுடியோவுக்குள் ஆடும் பொறியில் உட்காரவைத்து, பின்னால் திரையில் ஓடும் நிலப்பரப்பைப் போட்டுப் படமெடுப்பார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டும் இடத்தில் காட்சியின் உயிர் கசிந்துவிடும். ஜான்சன் போன்ற ஒருவர் பாத்திரமாகவே வந்தால் அந்த வெட்டு தேவையில்லை. தூரத்துப் புள்ளியாகத் தொடங்கிக் கேமராவுக்கு எதிரே வந்து இறங்கி வசனம் பேசும்வரை ஒரே ஷாட்டில் எடுக்கலாம். இயக்குநர் ஜான் ஃபோர்டு அவரிடம் கண்ட முதலாவது பெரிய பயன் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஃபோர்டின் கண்ணில் அவர் பட்டது ‘ஃபோர்ட் அப்பாச்சி’ படப்பிடிப்பில். படம் 1948இல் வந்தது. ஜான்சன் அதில் ஹென்றி ஃபோண்டாவுக்குச் சவாரி டூப். மூன்று பேர் இருந்த வண்டியை இழுத்துக்கொண்டு குதிரைகள் மிரண்டு ஓடின. இப்படி ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு முறை உண்டு. வண்டியைத் துரத்திப் பயனில்லை, முன்னணிக் குதிரையின் தலையை அடைய வேண்டும். அதன் வேகத்துக்கு நம் குதிரையைச் சேர்த்து, ஒட்டி ஓடி, வாய்க்கம்பியருகே வாரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் வளைத்து ஓட்டத்தை இறக்க வேண்டும். பதறி நேராகப் பின்னுக்கு இழுத்தால் முன்குதிரை தடுக்கி விழும், பின்குதிரைகளும் வண்டியும் அதன்மேல் ஏறும். ஜான்சன் அந்த வண்டியை நிறுத்தி மூவரையும் காப்பாற்றினார். பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்டு உனக்கு வெகுமதி உண்டு என்றார். இன்னொரு டூப் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு வந்தது ஏழு ஆண்டு நடிப்பு ஒப்பந்தம். ஐந்தாவது வரியில் வாரம் 5,000 டாலர் என்று இருந்ததைக் கண்டதும் மேற்கொண்டு படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது ஜான்சன் பலமுறை சொன்ன கதை.

அடுத்த மூன்று ஆண்டுகள் வளமானவை. ‘3 காட்ஃபாதர்ஸ்’, ராட்சதக் குரங்கைக் கௌபாய்கள் கயிறு வீசிப் பிடிக்கும் ‘மைட்டி ஜோ யங்’, ‘யெல்லோ ரிப்பன்’, பிறகு 1950இல் ‘வேகன் மாஸ்டர்’. இந்தக் கடைசிப் படத்தில்தான் ஃபோர்டு அவரை நாயகனாக்கினார். யூட்டாவின் மோவாப் பகுதியில் எடுத்த படம். மோர்மன் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகளின் வண்டித் தொடருக்கு வழிகாட்டும் குதிரை வியாபாரியாக ஜான்சன், கூட்டாளியாக ஹாரி கேரி ஜூனியர். வெய்ன் இல்லை, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. வசூலும் பெரிதாக இல்லை. ஆனால் ஜான்சனை அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய படம் இதுவே. பேச்சில் ஒக்லஹோமா இழுவை அப்படியே இருக்கிறது. வசனத்தை முடித்துவிட்டு, அடுத்தவர் பேசும்போது அவர் எதையும் செய்வதில்லை, கேட்கிறார். ஓயாமல் முகத்தில் எதையாவது நடத்திக்கொண்டிருக்கும் நடிகர்களுக்கு நடுவே அந்தக் கேட்டல் பெரிய விஷயம். மிரண்ட குதிரையின் அருகே நிற்கப் பழகிய உடம்புக்குத் தேவையற்ற அசைவு வராது.

அதே ஆண்டு வந்த ‘ரியோ கிராண்டே’யில் ரோமானியச் சவாரிக் காட்சி இருக்கிறது. இரண்டு குதிரைகளைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, குதிரைக்கு ஒரு பாதம் என இரண்டின் முதுகிலும் வைத்து நின்றுகொண்டே பாய்ந்து, தடையைத் தாண்ட வேண்டும். ஜான்சன், ஹாரி கேரி ஜூனியர், இளைஞரான கிளாட் ஜார்மன் ஜூனியர் மூவரும் டூப் இல்லாமல் செய்தார்கள். இதில் ஆபத்து உயரத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. இரு குதிரைகளின் உயரமும் காலடி நீளமும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று அரை அடி விலகினால் கால்கள் அகலும். அகன்ற காலைச் சேர்க்க வலு போதாவிட்டால் ஆள் இரண்டுக்கும் நடுவே குளம்புகளின் கீழ் விழுவார். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். தாண்டும்போது ஒரு குதிரை முந்திக் கிளம்பினால் கணக்கு தீர்ந்தது. படத்தில் அது விளையாட்டுப் போலத் தெரிகிறது, தெரிய வேண்டியதும் அப்படித்தான்.

அந்தப் படப்பிடிப்பில்தான் ஃபோர்டோடு இருந்த உறவு முறிந்தது. இரவு உணவு மேசையில் ஜான்சன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையைத் தன்னைப் பற்றிய குறையாக எடுத்துக்கொண்டு ஃபோர்டு எல்லார் முன்னாலும் கத்தினார். தன் நடிகர்களைப் பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவது ஃபோர்டின் வழக்கம். வெய்ன் உட்படப் பலரும் பொறுத்துக்கொண்டார்கள். ஜான்சன் எழுந்து, அவர் காதருகே குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியேறினார். அடுத்து ஃபோர்டு அவரை அழைத்தது 1964இல் வந்த ‘செயன் ஆட்டம்’ படத்துக்கு. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. நாயகனாக உயர வேண்டிய முப்பது வயதுக் காலம் அதில் போயிற்று. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அவர் பணிந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

இடையில் ‘ஷேன்’. 1951இல் வயோமிங்கில் எடுத்து 1953இல் வெளியான படம். ஜான்சன் கிறிஸ் காலவே என்ற பண்ணையாள். மதுக்கடையில் நாயகனை வம்புக்கு இழுத்து, பின்னர் அவனிடம் அடிவாங்கி, கடைசியில் மனம் மாறி எச்சரிக்கை சொல்ல வருகிறவன். திருந்தும் காட்சிக்கு அவருக்குக் கிடைப்பது சில வரிகள்தான். நம்ப முடிகிறது. இதே படத்தில் கொலைகாரனாக வந்து மிரட்டிய ஜாக் பேலன்ஸுக்குக் குதிரை சரியாக வராது. அவர் ஏறும் ஷாட் ஒன்று திருப்தியாக அமையாததால், இறங்கும் ஷாட்டைப் பின்னோக்கி ஓட்டிச் சேர்த்ததாகச் சொல்வார்கள். பேலன்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, தகுதியான பரிந்துரைதான்.

1953இல் ஜான்சன் செய்த காரியம் ஹாலிவுட் கணக்குக்கு அடங்காதது. நடிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ரோடியோ எனப்படும் கௌபாய் போட்டிகளின் சுற்றுக்குப் போனார். தந்தை பட்டம் வென்ற களத்தில் தானும் வெல்ல வேண்டும் என்ற எண்ணம். அந்த ஆண்டு இருவர் சேர்ந்து கயிறு வீசும் போட்டியில் உலகப் பட்டம் பெற்றார்.

இந்தப் போட்டியில் ஒருவர் தலைக்கு, ஒருவர் பின்னங்காலுக்கு. கொட்டிலிலிருந்து காளை முதலில் கிளம்பும். அதற்குரிய முன்தூரம் கிடைக்கும்முன் குதிரை தடுப்புக் கயிற்றை அறுத்தால் 10 நொடி தண்டம். தலைக்காரர் கொம்பிரண்டிலோ கழுத்திலோ, ஒரு கொம்பும் தலையுமாகவோ சுருக்கை விழவைக்க வேண்டும். விழுந்ததும் கயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றி, இடப்பக்கமாகக் குதிரையைத் திருப்பிக் காளையை இழுத்துக் கொடுப்பார். அது துள்ளும் கணத்தில் இரண்டு பின்னங்கால்களும் தரையை விட்டு எழும். காலுக்கு வீசுபவர் சுருக்கை அந்த இடைவெளியில் நிறுத்திவைக்க வேண்டும். ஒரு கால்தான் மாட்டியது என்றால் 5 நொடி தண்டம். இரு கயிறும் இறுகி, குதிரைகள் எதிரெதிரே காளையைப் பார்த்து நின்றதும் கடிகாரம் நிற்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கொம்பில் சுற்றும் நொடியில். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் விரல் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே மாட்டினால், மறுமுனையில் இழுக்கும் காளையின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் இறங்கும். விரலிழந்த கயிற்றுக்காரர்கள் இதில் நிறையப் பேர்.

பட்டம் கிடைத்தது, பணம் நிற்கவில்லை. நுழைவுக் கட்டணம், ஊர் ஊராகப் பயணம், குதிரைக்குத் தீனி என்று எல்லாம் கையிலிருந்து போனது. ஆண்டு முடிவில் மூன்று டாலர்கூட மிச்சமில்லை, தேய்ந்த காரும் கோபமான மனைவியும்தான் மிச்சம் என்று அவரே சொன்னார். படங்களுக்குத் திரும்பினார். அந்தப் பட்டத்தைத்தான் கடைசிவரை பெருமையாகச் சொன்னார்.

பிறகு நெடுங்காலம் சிறு வேடங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், மீண்டும் ஸ்டன்ட். மார்லன் பிராண்டோ இயக்கிய ‘ஒன்-ஐட் ஜாக்ஸ்’ (1961) இதில் குறிப்பிடத்தக்கது. இயக்குநர் சாம் பெக்கின்பா ‘மேஜர் டண்டீ’யில் (1965) பயன்படுத்தி, ‘தி வைல்ட் பன்ச்’சில் (1969) டெக்டர் கோர்ச் வேடம் கொடுத்தார். வாரன் ஓட்ஸும் ஜான்சனும் அதில் உடன்பிறந்தவர்கள். இருவரும் முரட்டு மடையர்கள். ஃபோர்டின் படங்களில் இருந்த நாணம் இங்கே சுத்தமாக இல்லை. கடைசியில் நால்வர் சாவை நோக்கி நடந்துபோகும் காட்சியில் அவர் நடையைக் கவனியுங்கள். வாழ்நாளெல்லாம் சேணத்தில் இருந்தவரின் நடை அது, தொடைகள் சற்று விலகி, அவசரமில்லாமல்.

‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’வின் (1971) சாம் வேடத்தை இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் கொண்டுவந்தபோது ஜான்சன் மறுத்தார். வசனம் மிகுதி, அதைவிட, கெட்ட வார்த்தைகள் மிகுதி. போக்டனோவிச் போய் ஃபோர்டிடம் முறையிட்டார். அந்த ஃபோர்டேதான் ஜான்சனை அழைத்து, வாழ்நாள் முழுவதும் வெய்னுக்குத் துணைவனாகவே நடித்துக்கொண்டிருக்கப் போகிறாயா என்ற பொருளில் கேட்டு ஒப்புக்கொள்ளவைத்தார். தன் வசனத்திலிருந்த வசைச்சொற்களை நீக்கித் திருத்திக்கொள்ளும் உரிமையோடு ஜான்சன் நடித்தார்.

டெக்சாஸின் ஆர்ச்சர் சிட்டியில், கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். தேயும் ஊர் ஒன்றில் உணவுக்கடை, பில்லியர்ட்ஸ் கூடம், தியேட்டர் மூன்றையும் வைத்திருக்கும் முதியவர் சாம். அவர் திரையில் இருப்பது ஏறத்தாழப் பத்து நிமிடம். குட்டைக்கரையில் சிறுவர்களோடு உட்கார்ந்து, இருபது ஆண்டுக்கு முன் அங்கே தன்னோடு நீந்திய பெண்ணைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று வருகிறது. கேமரா மெல்ல அவரை நெருங்கி, மெல்ல விலகுகிறது. குதிரை இல்லை, கயிறு இல்லை. குரல் உயர்வதும் இல்லை. ‘வேகன் மாஸ்ட’ரில் மற்றவர் பேச்சைக் கேட்ட அதே நிதானத்தோடு இப்போது தன் நினைவையே கேட்டுச் சொல்கிறார். சோகத்தைக் காட்டிக்கொள்ளும் முயற்சி எங்குமே இல்லை. நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. படத்தின் நடுவிலேயே சாம் இறந்துபோகிறார். திரையில் காட்டுவதுகூட இல்லை, செய்தியாக வருகிறது. மீதிப் படம் முழுவதும் ஊரில் அவர் இல்லாத இடம் தெரிந்துகொண்டே இருக்கிறது.

சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது 1972இல் அவருக்குக் கிடைத்தது. அதே படத்தில் நடித்த ஜெஃப் பிரிட்ஜஸும் அந்தப் பிரிவில் போட்டியிட்டார். உலகப் பட்டம் பெற்ற ரோடியோ வீரர்களில் நடிப்புக்கு ஆஸ்கர் பெற்றவர் வேறு யாரும் இல்லை. பிறகு வேலைக்குக் குறைவில்லை. 1972இல் ‘ஜூனியர் பானர்’, ‘தி கெட்அவே’, 1973இல் ‘டில்லிஞ்சர்’, 1974இல் ஸ்பீல்பெர்க்கின் ‘தி ஷுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்’, 1975இல் ‘பைட் தி புல்லட்’. இவற்றில் ‘ஷுகர்லேண்ட்’ காவல் அதிகாரி வேடத்தைத் தேடிப் பார்க்கலாம். காரில் உட்கார்ந்து வானொலியில் பேசும் வேலைதான் பெரும்பாலும், அதிலும் ஆளின் கனம் தெரியும்.

பார்க்கும் வரிசை கேட்பவர்களுக்கு: ‘வேகன் மாஸ்டர்’, ‘யெல்லோ ரிப்பன்’, ‘ரியோ கிராண்டே’, ‘ஷேன்’, ‘வைல்ட் பன்ச்’, கடைசியாக ‘லாஸ்ட் பிக்சர் ஷோ’. முதல் மூன்றில் ஒருமுறையாவது ஒலியை அணைத்துவிட்டு அவர் கைகளை மட்டும் பாருங்கள்.

மனைவி கரோல் 1994இல் காலமானார். ஜான்சன் 1996 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மேசா நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 77. முதிய தாயைப் பார்க்கப் போயிருந்தபோது அது நேர்ந்தது. கடைசிப் படம் ‘தி ஈவினிங் ஸ்டார்’ அந்த ஆண்டின் இறுதியில், அவர் இல்லாமல் வெளிவந்தது. உடலை ஒக்லஹோமாவின் பாவ்ஹஸ்காவில் அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் இன்று அவர் பெயரில் கௌபாய் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போனால், தந்தை மேற்பார்த்த, அவர் நாளுக்கு ஒரு டாலருக்கு மாடு மேய்த்த அந்தப் பழைய பண்ணை நிலம் வருகிறது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட நெடும்புல்வெளி. மாடுகள் மேய்ந்த இடத்தில் காட்டெருமைகள் மேய்கின்றன. பண்ணையாட்கள் தங்கிய விடுதிக் கட்டடம் இன்னும் நிற்கிறது.